இரு மூளைக் கணிப்பொறி ஒன்றை உருவாக்கினோம்



"இரண்டு மாடு பூட்டினால் வண்டி இரு மடங்கு வேகமாக ஓடுமா?" சென்ற ஆண்டு எங்கள் கணிப்பொறிக் கழகத்தின் முதற் கூட்டத்தில் சிஸ்டர் அவர்கள் இக்கேள்வியைக் கேட்டபோது நாங்கள் பன்னிருவரும் சிரித்துவிட்டோம். "ஓடாது சிஸ்டர், ஆனால் அதிகப் பாரம் இழுக்கும்" என்றாள் ஒருத்தி. அந்த விடை எவ்வளவு சரியானது என்பதை உணர எங்களுக்கு ஏழு மாதங்களும், விளையாட்டு விழாவன்று முறுக்கு விற்றுச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கும் செலவாயின. அந்தக் கதையையும் அதனால் நாங்கள் கற்ற பாடத்தையும் இங்கு எழுதுகிறோம்.

எங்கள் கழகத் தோழி ஒருத்தியின் தந்தையார் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு பழைய சர்வர் காயலான் கடைக்குப் போகவிருந்தது. எடைக்குத்தான் விலை. அதை அவர் எங்களுக்காகக் கேட்டு வாங்கி, ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். சர்வர் என்பது பலருடைய கணிப்பொறிகளுக்கு ஒரே நேரத்தில் ஊழியம் செய்யும் பெரிய கணிப்பொறி. இரவு பகலாக நிற்காமல் ஓட வேண்டியிருப்பதால் அதன் பாகங்கள் யாவும் சாதாரணக் கணிப்பொறியின் பாகங்களைவிட உறுதியாகச் செய்யப்பட்டிருக்கும். மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே பிராசஸர் பொருத்தும் சாக்கெட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் பிராசஸர் இருந்தது, மற்றது காலி. அந்தக் காலியிடத்தைக் கண்டதும் எங்களுக்கு ஆசை பிறந்துவிட்டது.

உள்ளே இருந்தது இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 3-எஸ். இவ்வகைக்கு டுவாலட்டின் என்பது உள்பெயர். 2001-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய இவ்வகைப் பிராசஸர்கள் 0.13 மைக்ரான் நுட்பத்தில் செய்யப்பட்டவை. கைக்கெட்டும் நினைவகமாகிய கேஷ் 512 கிலோபைட். இதன் உச்ச வேகம் 1.4 கிகாஹெர்ட்ஸ். இன்றைய கைப்பேசிகளில்கூட இதைவிட வலிமையானவை உள்ளன என்பது உண்மையே. ஆயினும் 1990-களின் இறுதியிலும் 2000-ஐ ஒட்டியும் வந்த விளையாட்டுகளுக்கு இது அரச வாகனம்!

வீட்டுக் கணிப்பொறியில் இரண்டு பிராசஸர் வைக்க வேண்டும் என்னும் ஆசை எங்களுக்கு மட்டும் வந்ததன்று. பல பிராசஸர்கள் ஒரே போர்டில் எவ்வாறு ஒத்துழைக்க வேண்டும் என்னும் விதிமுறையை இன்டெல் 1994-இல் வெளியிட்டது. ஆனால் அத்தகைய போர்டுகள் அலுவலகங்களுக்கே கட்டுப்படியாகும் விலையில் இருந்தன. 1999-இல் தைவானின் ஏபிட் நிறுவனம் பிபி6 என்னும் போர்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலிவு விலைச் செலரான் பிராசஸர்கள் இரண்டை அதில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தலாம். செலரானை இவ்வாறு இணையாக ஓட்டுவது இன்டெலின் எண்ணத்தில் இல்லாத காரியம். விளையாட்டுப் பிரியர்கள் அதனாலேயே அந்தப் போர்டைக் கொண்டாடினார்கள்.

இனி எங்கள் வேலைக்கு வருவோம். முதல் நாள் நாங்கள் செய்தது தூசி துடைப்பது. பெயின்ட் அடிக்கும் மெல்லிய தூரிகையால் துடைத்தோம். துடைக்கும்போதுதான் மூன்று மின்தேக்கிகளின் தலை சற்றே உப்பியிருப்பது கண்ணில் பட்டது. நல்ல மின்தேக்கியின் தலை தட்டையாக இருக்க வேண்டும். அது உப்பியிருந்தாலும், பழுப்பு நிறத்தில் ஏதேனும் கசிந்திருந்தாலும், அந்தப் போர்டுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்யப்பட்ட போர்டுகள் பலவற்றில் குறைபாடுள்ள மின்தேக்கிகள் இருந்தமையால், இக்காலத்துப் பழைய பாகங்களை எடுப்போர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தொலைக்காட்சி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் அம்மூன்றையும் மாற்றிக் கொடுத்தார். மாற்றும்போது மைக்ரோபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும் என்றும், வோல்ட் அளவு அதேயோ சற்றுக் கூடவோ இருக்கலாம் என்றும், 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையையே கேட்டு வாங்க வேண்டும் என்றும் சொல்லித் தந்தார். கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிவிட்டால் வெடிக்கும் என்றும் எச்சரித்தார். போர்டின் மணிக்கு உயிர் கொடுக்கும் வட்ட பேட்டரியும் செத்திருந்தது. அதை நாங்களே மாற்றினோம்.

அடுத்து இரண்டாவது பிராசஸர். இங்கேதான் ஏமாந்தோம். "பென்டியம் 3, 370 ஊசி" என்று மட்டும் கேட்டுப் பழைய பாகங்கள் விற்பவர் ஒருவரிடம் பணம் கட்டிவிட்டோம். வந்தது டுவாலட்டினுக்கு முந்தைய காப்பர்மைன் வகை. ஊசிகளின் எண்ணிக்கை ஒன்றே, சாக்கெட்டிலும் உட்காரும். ஆனால் உள்ளே ஓடும் சைகை மின்னழுத்தம் வேறு. காப்பர்மைனுக்கு 1.5 வோல்ட், டுவாலட்டினுக்கு 1.25 வோல்ட். வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பாவாடையும் அணிந்ததால் இருவரும் ஒரே வகுப்பு என்று நினைப்பதுபோல் ஆயிற்று எங்கள் கதை! விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. முறுக்குப் பணம் போயிற்று. குற்றம் எங்களுடையதே, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

இரண்டு பிராசஸர்களை இணையாக ஓட்ட வேண்டுமாயின் வகை, வேகம், பஸ் வேகம், கேஷ் அளவு ஆகிய நான்கும் ஒன்றாயிருக்க வேண்டும். பிராசஸரின் மேல் பொறித்திருக்கும் ஐந்தெழுத்துக் குறியீடும் ஒன்றாயிருந்தால் மிக நன்று. இரண்டாம் முறை அக்குறியீட்டைத் தாளில் எழுதி அனுப்பி, படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்த பிறகே பணம் கட்டினோம்.

மின்சார விநியோகப் பெட்டி எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது. சர்வருடன் வந்த பெட்டியின் விசிறி ஓடவில்லை. புதிய 450 வாட் பெட்டி ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தினோம். ஒரு பிராசஸரோடு ஓடிற்று. இரண்டும் பாடுபடத் தொடங்கியதும் அணைந்துபோயிற்று. 450 வாட் போதாதா? போதும், ஆனால் எந்தக் கம்பியில் வருகிறது என்பதே கேள்வி. இன்றைய கணிப்பொறிகள் பெரும்பாலும் 12 வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுப்பதால், இன்றைய பெட்டிகள் தம் சக்தியில் பெரும்பகுதியை அங்கேதான் வைத்திருக்கின்றன. பென்டியம் 3 காலத்துப் போர்டுகள் பலவும் 5 வோல்ட் கம்பியிலிருந்து எடுப்பவை. நம் இரு பிராசஸர்களும் தலைக்குச் சுமார் 30 வாட் உண்ணும். 60 வாட்டை 5 ஆல் வகுத்தால் 12 ஆம்பியர். இடையில் வீணாகும் மின்சாரமும், டிஸ்க்கும், கார்டுகளும் இதற்குமேல். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 5 வோல்ட்டுக்கு நேரே 30 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்த பழைய பெட்டி ஒன்று கிடைத்ததும் நோய் தீர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் படித்த வாட், வோல்ட், ஆம்பியர் கணக்கு இதற்குத்தானா என்று அன்று எங்களுக்குத் தோன்றியது. பெற்றோர்கள் கவனிக்க: இந்தப் பெட்டியை மட்டும் பிள்ளைகள் ஒருபோதும் திறக்கலாகாது. செருகியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தேங்கியிருக்கும்.

நினைவகம் சர்வருடனேயே வந்தது, 128 மெகாபைட் வீதம் நான்கு துண்டுகள். இவை பிழைதிருத்தும் வகை. ஒவ்வொரு 64 பிட்டுக்கும் துணையாக 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் தவறாகிப்போனால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு பிட் தவறினால் திருத்த இயலாது, ஆனால் தவறு நேர்ந்தது என்று சொல்லிவிடும். டிஸ்க்கோ ஸ்கஸி வகை, நிமிடத்திற்கு 10,000 சுற்று. அதன் இரைச்சலைக் கேட்டுப் பக்கத்து அறையில் தட்டச்சு வகுப்பு நடக்கிறதோ என்று ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்தார்கள். ஸ்கஸிக் கேபிளின் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் என்னும் மின்தடை முடிவு இருக்க வேண்டும். இல்லையேல், கிணற்றுச் சுவரில் மோதிய அலை திரும்பி வருவதுபோல் சைகை திரும்பிவந்து குழப்பும். அதில் இணைத்த ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி எண்ணும் உண்டு. 7 என்பது வழக்கமாகக் கட்டுப்பாட்டுக் கார்டுக்கு உரியது, அதை டிஸ்க்குக்குக் கொடுத்தால் இரண்டும் காணாமற் போகும்.

சர்வருக்குப் பாட்டும் படமும் எதற்கு? ஆகவே அதில் ஒலி கிடையாது. படத்துக்கென்று இருந்ததும் எழுத்துகளைக் காட்டப் போதுமான ஒரு சிறு சிப். ஒலிக்குப் பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் ஒன்று எளிதில் கிடைத்தது. படத்துக்குத்தான் வழியில்லை. அக்காலத்து விளையாட்டுக் கணிப்பொறிகளில் கிராபிக்ஸ் கார்டுக்கென்றே ஏஜிபி என்னும் தனி வாசல் உண்டு. நான்கு மடங்கு வேக ஏஜிபி நொடிக்கு 1066 மெகாபைட் கடத்தும். எங்கள் சர்வர் போர்டில் அது இல்லை. சாதாரண பிசிஐ வாசல்தான், நொடிக்கு 133 மெகாபைட். பிசிஐக்கென வந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 கார்டைத் தேடிப் பொருத்தினோம். இந்த இடத்தைத் தோழியர் நினைவில் வைக்கவும், பின்னால் வரும்.

சர்வரின் பெட்டிக்குள் இருந்த சின்னஞ்சிறு விசிறிகள் விமானம் கிளம்புவதுபோல் கத்தின. அவற்றை எடுத்துவிட்டு, பெரிய பெட்டியொன்றில் போர்டை மாற்றி, மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகளை வைத்தோம். விசிறி பெரிதாயின் குறைந்த சுற்றிலேயே அதே அளவு காற்றைத் தள்ளும், சத்தமும் குறையும். வேலை செய்யும்போது எங்களுக்குள் இரண்டு விதிகள் இருந்தன. பாகங்களைத் தொடுமுன் பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னைக் கழிக்க வேண்டும், நைலான் தாவணி கூடாது. பின்னலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் விதி எப்படி வந்தது என்று எழுத வேண்டாமென்று சம்பந்தப்பட்டவள் கேட்டுக்கொண்டாள்.

இயக்க அமைப்பு இரண்டைப் போட்டோம். மிகப் பழைய விளையாட்டுகளுக்கு விண்டோஸ் 98, இரு பிராசஸருக்கு விண்டோஸ் 2000. விண்டோஸ் 98 எத்தனை பிராசஸர் இருந்தாலும் ஒன்றைத்தான் அறியும். 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் இருந்தாலும் தொல்லை கொடுக்கும், ஆகையால் 512-உடன் நிறுத்திக்கொண்டோம். விண்டோஸ் 2000 புரொபஷனல் இரண்டு பிராசஸர்களை அறியும். ஆனால் நாங்கள் ஒரு பிராசஸர் இருக்கும்போதே அதைப் பதிந்துவிட்டோம். இரண்டாவதைப் பொருத்திய பின்னும் அது ஒன்றையே காட்டியது! சாதன மேலாளர் பட்டியலில் கணிப்பொறியின் வகையை 'யூனிபிராசஸர்' என்பதிலிருந்து 'மல்டிபிராசஸர்' என்று மாற்றி மறுபடி துவக்கியதும், திரையில் வேலைப்பளு காட்டும் கட்டம் இரண்டாகப் பிரிந்தது. அன்று மாலை கன்னியர் இல்லத்திலிருந்து எங்களுக்கெல்லாம் சுண்டல் வந்தது. இவ்விரு அமைப்புகளுக்கும் மைக்ரோசாப்ட் தரும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. 98-க்கு 2006-இலும், 2000-க்கு 2010-இலும் நின்றன. ஆகவே இப்பொறியை நாங்கள் இணையத்தில் இணைப்பதில்லை.

இரு பிராசஸர்களையும் பயன்படுத்தத் தெரிந்த விளையாட்டு எது என்று தேடினோம். 1999 டிசம்பரில் வெளியான குவேக் 3 அரீனா அத்தகையது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு என்பதால் சிஸ்டர் அவர்கள் முகம் சுளித்தார்கள். நாங்கள் விளையாடப் போவதில்லை, முன்பே பதிவான காட்சியைப் பொறியே முழு வேகத்தில் ஓட்டிக்காட்டி, நொடிக்கு எத்தனை படம் வரைந்தது என்று சொல்லும் என விளக்கிய பின் அனுமதி கிடைத்தது. முதலில் ஒரு பிராசஸரில் ஓட்டிக் குறித்துக்கொண்டோம். பின்னர் ஆர், அடிக்கோடு, எஸ்எம்பி என்று தட்டிப் பக்கத்தில் 1 என்று கொடுத்து, இரு பிராசஸரிலும் ஓட்டினோம். முதல் தடவை திரை உறைந்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை வேறு பதிப்புக்கு மாற்றிய பின்னர் ஓடிற்று.

எண் மாறவில்லை. ஒன்றிலும் அதே எண், இரண்டிலும் அதே எண்! ஏழு மாதம் உழைத்தோமே என்று ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. "அழாதே, ஏன் என்று கேள்" என்றார்கள் சிஸ்டர்.

ஏன்? விடுதியில் பூரி சுடும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பூரி இட்டுக் கொடுக்கிறார், மற்றொருவர் வாங்கி எண்ணெயில் போடுகிறார். இந்த விளையாட்டின் வேலைப் பிரிவினையும் அப்படியே. ஒரு பிராசஸர் அடுத்த படத்தில் எவையெவை தெரிய வேண்டும் என்று கணக்கிட்டு வைக்க, மற்றது இப்போதைய படத்துக்கான கட்டளைகளைக் கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புகிறது. ஒருவரே இரண்டையும் செய்வதைவிட இருவர் செய்தால் விரைவு. ஆனால் வாணலி சிறிதாயிருந்தால்? எத்தனை பேர் இட்டுக் கொடுத்தாலும் வாணலி கொள்ளும் அளவே பூரி வரும். எங்கள் வாணலி, அந்தப் பிசிஐ கிராபிக்ஸ் கார்டு.

அப்படியாயின் பூரியைச் சிறிதாக்கிப் பார்ப்போம் என்றாள் பதினோராம் வகுப்பு மாணவி. 1024-க்கு 768 புள்ளி என்றிருந்த படத்தை 640-க்கு 480 ஆகக் குறைத்தோம். ஒரு படத்துக்கு 7,86,432 புள்ளிகள் இருந்த இடத்தில் இப்போது 3,07,200. கார்டின் சுமை பாதிக்கும் கீழே போயிற்று. மறுபடி ஓட்டினோம். இம்முறை இரு பிராசஸரின் எண் தெளிவாக மேலே நின்றது. இரு மடங்கு அன்று, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத உயர்வு.

இரு மடங்கு ஏன் வரவில்லை என்பதற்கு 1967-இலேயே விடை சொன்னவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஜீன் ஆம்டால். ஒரு வேலையில் பங்கிடக்கூடிய பகுதி உண்டு, பங்கிட முடியாத பகுதியும் உண்டு. மொத்தம் 100 நொடி வேலையில் 60 நொடி பங்கிடத்தக்கது என்று கொள்வோம். இருவர் செய்தால் அந்த 60 முப்பதாகும், மீதி 40 அப்படியே நிற்கும். ஆக 70 நொடி. 100-ஐ 70 ஆல் வகுத்தால் வேகம் ஏறத்தாழ 1.43 மடங்கு. ஆயிரம் பிராசஸர் வைத்தாலும் அந்த 40 நொடி குறையாது, ஆகையால் 2.5 மடங்கை எட்டவே முடியாது. தோழியர் இந்த 60-க்குப் பதில் 90 என்று வைத்துத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இதனோடு எங்கள் பொறிக்கென்று இன்னொரு தடையும் உண்டு. பென்டியம் 3 இரண்டும் ஒரே பஸ் வழியாகத்தான் நினைவகத்தை அடைய வேண்டும். 133 மெகாஹெர்ட்ஸ், ஒரு தடவைக்கு 8 பைட், ஆக நொடிக்குச் சுமார் 1066 மெகாபைட். அதை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், ஒரே ஆட்டுக்கல்லில் இருவர் மாவாட்டுவதுபோல. ஏஎம்டி நிறுவனம் 2001-இல் வெளியிட்ட அத்லான் எம்பி அமைப்பில் ஒவ்வொரு பிராசஸருக்கும் சிப்செட் வரை தனிப் பாதை இருந்தது. அவ்வகையில் அது மேல் என்போம், அங்கும் நினைவகம் ஒன்றே என்றாலும்.

பின்பு செஸ் ஆடும் நிரல் ஒன்றை ஓட்டினோம். காய் நகர்த்தல்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து ஆராயலாம் என்பதால் இங்குப் பலன் இன்னும் கூடியது. அதிலும் முழு இரு மடங்கு இல்லை. ஒரு நகர்த்தல் நல்லது என்று தெரிந்த பிறகு மற்றவற்றில் பலவற்றைப் பாராமலே ஒதுக்கலாம். அது தெரிவதற்கு முன்பே மற்ற பிராசஸர் அவற்றில் சிலவற்றை ஆராய்ந்து உழைப்பை வீணாக்கிவிடுகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு வேலைகளை, அதாவது இரண்டு பாடல்களைத் தனித்தனியே எம்பி3 ஆக்குவதுபோன்றவற்றைக் கொடுத்தபோதுதான் ஏறக்குறைய இரு மடங்கைக் கண்டோம். சிஸ்டரின் வண்டி மாட்டுக் கேள்விக்கு அன்றே கணக்குத் தீர்ந்தது.

2005-இல் ஒரே சிப்பில் இரு பிராசஸர்களை வைத்த பென்டியம் டி-யும் அத்லான் 64 எக்ஸ்2-வும் வந்தன. அதே ஆண்டில் மூன்று கோர் கொண்ட எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியும் வந்தது. அதுமுதல் விளையாட்டு எழுதுவோர் வேலையைப் பங்கிட்டு எழுதியே ஆக வேண்டியதாயிற்று. இன்று அப்பாவின் கைப்பேசியில் எட்டு கோர் என்று விளம்பரம் செய்கிறார்கள். எட்டு மடங்கா என்று இனி யாரேனும் கேட்டால் எங்கள் கழகத்தாரிடம் அனுப்புங்கள்.

எங்கள் பொறிக்கு இன்னும் ஏஜிபி உள்ள இரு சாக்கெட் போர்டு கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம். எவருடைய அலுவலகத்திலேனும் அப்படியொன்று ஒதுக்கப்பட்டிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறோம். தவறாக வாங்கிய காப்பர்மைன் பிராசஸரை நூலில் கட்டி, ஆய்வுக்கூட அலமாரிக் கதவில் தொங்கவிட்டிருக்கிறோம். ஆண்டு விழாவன்று அறிவியல் கண்காட்சியில் பொறியை இயக்கிக் காட்டுவோம். பெற்றோரும் தோழியரும் வருக. மூடி திறந்தே இருக்கும், ஆகவே பின்னலை முடிந்துகொண்டு வரவும்.